ஒரு மூடி வாசனைத் தண்ணீர்

நூம்பல்
2.12.2024

பேபிக்கு,

நீ என் நம்பரைத் தடுத்து வைத்திருப்பதால் எழுதுகிறேன். பேனா பிடித்து வெகுகாலம் ஆகிறது, கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. எங்கள் ஜூஸ் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் இருக்கும் லோகநாயகி அக்கா, வேப்பம்பட்டில் உன் அண்ணன் வீட்டுக்குப் பக்கத்துத் தெரு. தினமும் ஆவடி வரை ரயிலில் வந்து கம்பெனி வேன் ஏறுகிறார். இந்தப் பையை அவர்தான் கொண்டுவந்து தருவார். உள்ளே கொய்யா ஜூஸ் பாட்டில்கள் இருக்கின்றன.

சிம்ரனுக்குப் பச்சைப் பழம் கூடாது, கடையில் பிழிந்த ஜூஸ் கூடாது, சூடு காட்டி மூடியதுதான் தரலாம் என்று டாக்டர் சொன்னதாக அக்கா சொன்னார். மருந்து ஏற்றுகிற நாட்களில் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இறங்கிவிடும், சின்னக் கிருமிகூடத் தாங்காது என்பது எனக்கும் தெரியும். இந்த ஜூஸ் நான் நிற்கும் சூட்டு மிஷினில் ஓடியது. அதில் நுழைந்த கிருமி உயிரோடு வெளியே வராது. அதற்கு நான் பொறுப்பு.

நான் அன்று சொன்ன வார்த்தையை நீ மறக்க மாட்டாய். அதைப் பற்றி இப்போது எழுதவில்லை. எழுதினால் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுவாய் என்று பயமாக இருக்கிறது. பாட்டில் காலியானதும் அக்காவிடம் கொடுத்தனுப்பு. குடித்தாளா என்று ஒரு வரி எழுதினால் போதும்.

தங்கவேல்

வேப்பம்பட்டு
5.12.2024

குடித்தாளா என்று கேட்டாய். குடிக்கவில்லை.

வாயெல்லாம் புண். இட்லியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால்கூட இறங்குவதில்லை. உன் பாட்டிலைத் திறந்து டம்ளரில் ஊற்றி ஆசையாகத்தான் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்துவிட்டு வைத்துவிட்டாள். "இன்னாம்மா இது, வாசனையே இல்ல. சக்கரத் தண்ணி மாரி கீது" என்றாள். பழத்தைப் போட்டுச் சர்க்கரைத் தண்ணீராக்கத்தான் உனக்குச் சம்பளம் தருகிறார்கள் போலிருக்கிறது.

நான் மறக்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். சரியாகத்தான் எழுதியிருக்கிறாய். மாடிப்படி ஏற முடியாமல் மூச்சு வாங்கி உட்கார்ந்த பெண்ணைப் பார்த்து, "காலேஜுக்கு மட்டம் போட நடிக்கிறா" என்று சொன்ன வாய் உன் வாய். ஆடியில் பார்த்திருக்க வேண்டிய ரத்தத்தைப் புரட்டாசியில் பார்த்தோம். ரத்தப் புற்று என்று சீட்டில் எழுதிக் கொடுத்தபோதுகூட நீ அந்தச் சீட்டைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தாய், என்னைப் பார்க்கவில்லை. நடிக்கிறாள் என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தேன். "அவன் வாசப்படி ஏறட்டும், கால ஒட்ச்சிடறேன்" என்று அண்ணன் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதனால் வராதே.

ஆனால் அவள் எதையாவது குடித்தாக வேண்டும். எடை இறங்கிக்கொண்டே போகிறது. இப்படியே போனால் அடுத்த மருந்தை ஏற்ற முடியாது என்கிறார் டாக்டர். மருந்து நின்றால் எல்லாமே நின்றது. வாசனையோடு ஏதாவது அனுப்ப முடிந்தால் அனுப்பு, முடியாவிட்டால் பையை அனுப்பி அக்கா தோளை ஒடிக்காதே.

பேபி

நூம்பல்
9.12.2024

பேபிக்கு,

நீ திட்டியதில் தப்பில்லை. வாசனை போனது உண்மைதான். எங்கே போனது என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

பழத்தின் வாசனை ஒரே சரக்கு இல்லை, நூற்றுக்கணக்கான சின்னச் சின்னப் பொருள்கள் சேர்ந்த கூட்டம் என்பார் எங்கள் லேப் மேடம் தேவிப்பிரியா. கொய்யாவைக் கடித்ததும் மூக்கில் ஏறும் பச்சை வாசனை ஒன்று. பின்னாலேயே வருகிற பழுத்த வாசனை வேறொன்று. இதில் முக்கால்வாசி எப்போது வழி கிடைக்கும், காற்றில் ஏறலாம் என்று காத்திருக்கிற சரக்கு. பழத்தை அரைக்கும்போதே கொஞ்சம் கிளம்பும். ஜூஸுக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்க ஒரு தொட்டி உண்டு, அங்கே காற்றோடு கொஞ்சம் போகும். அப்புறம் என் மிஷின். தொண்ணூற்றைந்து டிகிரியில் கிருமி சாகிற அதே நேரத்தில் மிச்ச வாசனையும் கழன்றுகொள்ளும். அதோடு விடாமல், சூட்டில் புதிதாகச் சில வாசனைகள் பிறக்கும். வெந்த வாடை என்கிறோமே, அது. கடைசியில் பிளாஸ்டிக் பாட்டிலும் தன் பங்குக்கு வாசனையைக் குடித்துக்கொள்ளும். இத்தனையும் தெரிந்த நான் பிளாஸ்டிக்கில் அனுப்பியிருக்கக் கூடாது.

இந்த முறை கண்ணாடி பாட்டில். சூட்டைக் கொஞ்சம் ஏற்றி நேரத்தைக் குறைத்து ஓட்டிப் பார்த்த சாம்பிள் ஜூஸ். மேடமிடம் கேட்டு வாங்கினேன். கிருமிக்கு அடி குறையாது, வாசனைக்கு அடி கொஞ்சம் குறையும். மற்ற சாம்பிளோடு கலந்துவிடக் கூடாது என்று பாட்டில் மேல் சிம்ரன் பெயரை எழுதி ஒட்டியிருக்கிறேன்.

வேலப்பன்சாவடியில் காலேஜ் வாசல் வண்டியில் உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுக் கொய்யா தின்றுவிட்டு வருவாளே, பையை வைப்பதற்கு முன்னாலேயே நமக்குத் தெரிந்துவிடும். அந்த வாசனையை அப்படியே கொடுக்க என்னால் முடியாது. பக்கத்திலாவது கொண்டுவரப் பார்க்கிறேன்.

தங்கவேல்

வேப்பம்பட்டு
14.12.2024

பாடம் நடத்தியது போதும். கண்ணாடி பாட்டிலும் வந்தது. நான் மோந்து பார்த்தேன், எனக்குக் கொய்யா கொஞ்சம் தெரிந்தது. அவளுக்குத் தெரியவில்லை. "உனுக்கு வருதாம்மா? எனுக்கு ஒண்ணுமே வரல" என்று டம்ளரைத் தள்ளிவிட்டாள். கொய்யாவைத் தின்றே வளர்ந்தவள், அவளை நீ ஏமாற்ற முடியாது.

எனக்கும் இப்போது பொறுமை இல்லை. நேற்றுப் பாலை அடுப்பில் வைத்துவிட்டு மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போனேன். பால் பொங்கி வற்றிப் பாத்திரம் கருகி, மாடி வரைக்கும் நாற்றம். ஓடி வந்தால் இவள் பக்கத்திலேயே உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "ஒரு கொரல் குடுத்தா இன்னாடி" என்று கத்திவிட்டேன். கருகிய பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மருந்து ஏறிய உடம்பைத் திட்டிவிட்டோமே என்று அப்புறம் நான்தான் அழுதேன்.

கொல்லையில் அண்ணியின் கொய்யா மரம் காய்த்துத் தொங்குகிறது. ஒரு பழத்தை அரைத்து உன் ஜூஸில் கலந்துவிடலாமா என்று கை பரபரக்கிறது. குடிக்காவிட்டால் எடை போய்விடும், பச்சையாகக் கொடுத்தால் கிருமி வந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் நான் கிடந்து சாகிறேன். போன வாசனையைத் திருப்பிக் கொண்டுவர ஏதாவது வழி இருந்தால் செய். இல்லையென்றால் இந்த வாரம் பழத்தைப் பறித்துவிடுவேன்.

பேபி

நூம்பல்
17.12.2024

பேபிக்கு,

பழத்தைப் பறிக்காதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன். மரத்தில் காக்கை உட்கார்ந்திருக்கும், அணில் நக்கியிருக்கும், கழுவினாலும் போகாது.

போன வாசனையைத் திருப்பிக் கொண்டுவர வழி இருக்கிறது. எங்களிடம் ஜூஸைச் சுண்டவைக்கும் மிஷின் ஒன்று உண்டு. ஜூஸ் சூடாகும்போது முதலில் எழும் ஆவியில்தான் வாசனை மொத்தமும் இருக்கும். அதை வெளியே விடாமல் குளிர்க்குழாய்க்குள் பிடித்துத் தண்ணீராக இறக்குவோம். பார்க்க வெறும் தண்ணீர், மூடியைத் திறந்தால் ஷெட் முழுக்கக் கொய்யா. வாசனைத் தண்ணீர் என்போம். சுண்டிய ஜூஸில் அதைத்தான் மறுபடி சேர்ப்பார்கள்.

அதில் ஒரு சின்ன பாட்டில் பையில் இருக்கிறது. வேறு யாருக்காகவோ கேட்பதுபோல் தேவிப்பிரியா மேடமிடம் கேட்டேன். அவர் சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன். "அத அப்படியே யாரும் குடிக்கறதில்லண்ணா. மூடின பைப்லயே போய் ஜூஸ்ல கலந்து கடைசியா ஒரு தடவ சூடு பாக்கற சரக்கு. கொழாய்லேர்ந்து புடிச்சா அதுக்கு நான் கேரண்டி குடுக்க மாட்டேன்." இவ்வளவுதான் சொன்னார். நாம் வீட்டில் சூடு பண்ணினால் வாசனை ஓடிவிடும். பண்ணாவிட்டால் கேரண்டி இல்லை. பாட்டிலையும் மூடியையும் கொதிக்க வைத்துத்தான் பிடித்தேன்.

ஒரு டம்ளருக்கு இரண்டு சொட்டு. பச்சைப் பழத்தைவிட இது மேல், இரண்டு சொட்டில் எதுவும் ஆகாது என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் சொல்ல முடியும். பிரிட்ஜில் வை. இரண்டு சொட்டுக்கு மேல் வேண்டாம்.

தங்கவேல்

வேப்பம்பட்டு
21.12.2024

குடித்துவிட்டாள். டம்ளர் முழுவதும்.

முதலில் நீ சொன்னபடி இரண்டு சொட்டு விட்டேன். "வருதாடி" என்றேன். "இல்லம்மா" என்றாள். இன்னும் இரண்டு விட்டேன், உதட்டைப் பிதுக்கினாள். எனக்கு ஆத்திரம் வந்து ஒரு மூடி ஊற்றிவிட்டேன். அவ்வளவுதான், கூடம் முழுக்கக் கொய்யா. அண்ணி சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "யாரு பழம் வாங்கினு வந்தது" என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டேன். கடைசியாக எப்போது சிரித்தேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. சிம்ரன் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் டம்ளரை வாங்கி, "ஆங், இப்ப வருதும்மா. காலேஜ் வாசல்ல துன்ற மாரியே கீது" என்று சொல்லி ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள். பாட்டிலைத் திருப்பிப் பெயர் எழுதியதைப் பார்த்து, "அப்பா எய்த்து இன்னா கோணலா கீது பாரேன்" என்று வேறு கிண்டல்.

இப்போது காலையும் மாலையும் குடிக்கிறாள். எடை இறங்குவது நின்றிருக்கிறது, அடுத்த மருந்தைப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

என் கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. ஆனால் சின்ன பாட்டில் தீரப் போகிறது. இன்னொன்று அனுப்பு.

பேபி

நூம்பல்
23.12.2024

பேபிக்கு,

உன் கடிதத்தைக் கம்பெனி வேனிலேயே பிரித்துப் படித்தேன். டிரைவர் ஸ்ரீநாத் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இன்னாண்ணாத்தே, கண்ல தூசியா" என்றான். ஆமாம் என்றேன்.

மூடியளவு அதிகம். நான் சொன்னது இரண்டு சொட்டு. எழுத வேண்டும் என்று தோன்றியது, எழுதிவிட்டேன். ஆனால் குடிக்கிறாளே பேபி. குடிக்கிற பெண்ணிடம் நிறுத்தச் சொல் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. இன்னொரு பாட்டில் வைத்திருக்கிறேன். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார். ஒருநாள் ஒரு மூடி என்றால் மறுநாள் அரை மூடி.

பொங்கலுக்கு வாசலுக்கு வெளியே நின்றாவது பார்த்துவிட்டுப் போகட்டுமா? உன் அண்ணனிடம் கேட்டுச் சொல். கால் ஒடிந்தாலும் பரவாயில்லை, பார்த்துவிட்டு ஒடியட்டும்.

தங்கவேல்

ஆஸ்பத்திரி
30.12.2024

சனிக்கிழமை விடியற்காலை சிம்ரனுக்குக் குளிர்ஜுரம் கண்டது. பல் தந்தி அடித்தது. அண்ணன்தான் வண்டி பிடித்துக்கொண்டு வந்தார். ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது என்கிறார்கள். தனி அறையில் வைத்திருக்கிறார்கள், கூட ஒருத்தர்தான் இருக்கலாம். முகமூடி கட்டிக்கொண்டு நான் இருக்கிறேன்.

என்ன கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். சூடு காட்டிய ஜூஸ் என்றேன். சின்ன பாட்டிலைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. நீ குறைக்கச் சொல்லியிருந்தாய். நான் குறைக்கவில்லை. குறைத்தால் குடிக்க மாட்டாள் என்று ஒரு மூடியாகவே ஊற்றினேன்.

அண்ணனிடம் சொல்லிவிட்டேன், உன்னை யாரும் தடுக்க மாட்டார்கள். வா. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம்.

பேபி

ஆஸ்பத்திரி மாடிப்படி
31.12.2024

பேபிக்கு,

நீ உள்ளேயே இருப்பதால் இதை நர்ஸ் அம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன். டாக்டரிடம் நான் சொல்லிவிட்டேன். பயப்படாதே, நானே கொடுத்ததாகத்தான் சொன்னேன். அவர் திட்டவில்லை. "அதுலேர்ந்தும் வந்திருக்கலாம், அவங்க குடல்லேர்ந்தேகூட வந்திருக்கலாம். இந்த நேரத்துல எதுன்னு சொல்ல முடியாது" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினாள். கையா அது. நான்கு மாதத்தில் பெண் பாதியாகிவிட்டாள். உதட்டை அசைத்து என்னிடம் என்னவோ சொன்னாள், எனக்குக் கேட்கவில்லை. நீ பக்கத்தில்தான் நின்றாய். என்ன சொன்னாள் என்று கேட்டு எழுது. நான் கீழேதான் இருப்பேன்.

தங்கவேல்

நூம்பல்
28.1.2025

பேபிக்கு,

காரியத்தன்று நீ என்னிடம் பேசவில்லை. நானும் பேசவில்லை. உன் அண்ணன் என் தோளில் கை வைத்தார். அவர் அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வேலைக்குப் போகிறேன். கொய்யா சீசன், லாரி லாரியாக வந்து இறங்குகிறது. கேட்டுக்குள் நுழையும்போதே அந்த வாசனை. என்னைப் பாட்டில் கழுவுகிற இடத்துக்கு மாற்றுங்கள் என்று சூப்பர்வைசர் சம்பந்தத்திடம் கேட்டேன். "சீசன்ல ஆளு எங்க கீறான்" என்றார். அதே மிஷினிடம் நிற்கிறேன். தேவிப்பிரியா மேடம் என் பக்கம் வருவதில்லை. அந்தக் கேள்வி யாருக்காக என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

எனக்கு ஒன்றே ஒன்று மிச்சம் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறேன், அதைப் பிடித்துக்கொண்டுதான் படுக்கிறேன். கிருமி அந்தத் தண்ணீரில் வந்ததா, இல்லையா, அது யாருக்கும் தெரியாது, இனிமேல் தெரியவும் தெரியாது. ஆனால் அவள் ஆசைப்பட்ட வாசனை கடைசியில் அவளுக்குக் கிடைத்தது. காலேஜ் வாசலில் தின்ற மாதிரியே இருக்கிறது என்று அவள் வாயால் சொன்னாள். அப்பன் என்று நான் அவளுக்குச் செய்ததில் அது ஒன்றுதான் உருப்படி. இதை மட்டும் என்னிடமிருந்து எடுத்துவிடாதே.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அவள் என்ன சொன்னாள் என்று கேட்டிருந்தேன். நீ பதில் எழுதவில்லை.

தங்கவேல்

வேப்பம்பட்டு
1.2.2025

சிம்ரன் அப்பாவுக்கு,

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனால் இதை வாயால் சொல்ல என்னால் ஆகாது, அதனால் எழுதுகிறேன். எடுத்துவிடாதே என்று எழுதியிருக்கிறாய். எடுக்கத்தான் எழுதுகிறேன். என்னை மன்னித்துவிடு.

நீ வருவதற்கு முதல் நாள் ஆஸ்பத்திரி அறையில் தரை துடைக்க வந்த அம்மா பினாயில் டப்பாவைக் கவிழ்த்துவிட்டாள். முகமூடிக்கு மேல் முந்தானையை வைத்தும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்க வந்தவளே வெளியே ஓடினாள். சிம்ரன் மட்டும் சாதாரணமாகப் படுத்திருந்தாள். "எனக்கே குமட்டுது, உனக்கு ஒண்ணும் பண்ணலயாடி" என்றேன். அப்போதுதான் சொன்னாள்.

"எனுக்குத்தான் மூக்குல ஒண்ணுமே தெரியலியேம்மா. ரெண்டாவது தபா மருந்து ஏத்துனாங்களே, அப்பலேர்ந்து. மொதல்ல ஜூஸ்லதான் வாசன இல்லன்னு நென்ச்சேன். பாலு தீஞ்ச அன்னிக்குத்தான் புரிஞ்சுது."

மருந்தில் சிலருக்கு அப்படி ஆகும் என்று டாக்டர் அப்புறம் சொன்னார். யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பாராம். நாம் யாரும் கேட்கவில்லை. வாசனை இல்லை என்று அவள் சொன்னதும் நீ மிஷினைச் சந்தேகப்பட்டாய், பாட்டிலைச் சந்தேகப்பட்டாய். நான் உன்னைச் சந்தேகப்பட்டேன். அவள் மூக்கை யாரும் நினைக்கவில்லை. வேறு வீடாக இருந்தால் முதலிலேயே டாக்டரிடம் கேட்டிருப்பார்கள். நம் வீட்டில்தான் ஜூஸ் என்றால் வாசனை போகும் என்று பிறந்ததிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறோமே. முதல் பாட்டிலிலேயே எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கிறது. சின்ன பாட்டில் அவளுக்குத் தேவையே இல்லை.

"அப்போ நல்லா கீதுன்னு ஏண்டி சொன்ன" என்று கேட்டேன்.

"நீ அன்னிக்கு சிரிச்சம்மா. அப்பாவும் அவ்ளோ பாடுபட்டு அனுப்பிகினே கீது. ஜூஸு நின்னா லெட்டரும் நின்னுடும். அப்பாகிட்ட சொல்லாத, இன்னா? பாவம் அது" என்றாள்.

சொல்ல மாட்டேன் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். இந்த ஒரு மாதமாகத் தனியாக இதை வைத்துக்கொண்டிருந்தேன். இதற்குமேல் என்னால் முடியாது. நீயும் பாதியைச் சுமந்துகொள்.

இரண்டாவது சின்ன பாட்டிலில் கொஞ்சம் மீதி இருந்தது. கொல்லையில் ஊற்றினேன். கை கழுவியும் போகவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் கையில் கொய்யா வருகிறது. அண்ணி ஊட்டிவிடுகிறாள்.

நாளைக்கு ஞாயிறு. வா. வெறும் கையோடு வா.

நடிக்கிறாள் என்று அன்று நீ சொன்னாய். அன்று அவள் நடிக்கவில்லை. பிறகுதான் நடித்தாள், காலையும் மாலையும், நம் இரண்டு பேருக்காக. அன்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து உன்னிடம் என்ன சொன்னாள் என்று கேட்டாய் அல்லவா. "ஜூஸு சூப்பர்ப்பா" என்றாள்.

பேபி